பன் டப்பாவுக்கு ஒரு சாவி

லான்மடாவ், யாங்கோன்
4 மார்ச் 2026, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த லேயா அப்பா அவர்களுக்கு,

சித்ரா எழுதுவது. நானும் லேயாவும் நல்ல சுகம். பினாங்கில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று உங்கள் கடவுளையும் என் முருகனையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். இருவரில் ஒருவர் காதில் விழுந்தாலும் போதும்.

முதலில் உட்காருங்கள். மர ஆலையில் நின்றுகொண்டே படிக்க வேண்டாம். அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து படியுங்கள். கெட்ட செய்தி இல்லை, பயப்படாதீர்கள். கெட்ட செய்தி என்றால் ஃபோனிலேயே அழுது தீர்த்திருப்பேன். இது நல்ல செய்தி, ஆனால் நீளமான செய்தி. வெள்ளிக்கிழமை நமக்கு லைன் கிடைப்பதே ஐந்து நிமிஷம். அதில் பாதி நேரம் நீங்கள் ஹலோ ஹலோ என்கிறீர்கள். மீதிப் பாதியில், உங்கள் கை எட்டாததால் லேயா தலைமேல் ஃபோனை வைத்து உங்கள் வெள்ளிக்கிழமை ஆசீர்வாதம் நடக்கிறது. நடுவில் நான் இதைச் சொன்னால், நீங்கள் ஏன், எதற்கு என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிடும். கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக்கு ஒரு பெண் குழந்தை வந்திருக்கிறது! ஏழு வயதிருக்கும். வந்து ஆறு நாள் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை நீங்கள் லேயாவை ஆசீர்வதித்தபோது அது கதவோரம் நின்று, இந்த அக்கா எதற்குத் தலையில் ஃபோனை வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாடா, சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாக மூச்சு விடலாம்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். போன வியாழக்கிழமை காலை, மாடிப்படிக்குக் கீழே நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அலோன் பக்கத்துப் பிக்குணி மடத்திலிருந்து சயாலேக்கள் ரோஜா நிற உடையில் வரிசையாக அரிசி தானம் வாங்க வந்தார்கள். அவர்களோடு ஒரு பெண். முழங்கால் வரை தொங்குகிற ஆண்பிள்ளைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. சயாலேக்கள் போய்விட்டார்கள், இது போகவில்லை. தோசைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு தோசை கொடுத்தேன். பாதியைத் தின்றது. மீதிப் பாதியை மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டது. சட்னியோடு! சட்டை பாழாகிறதே அம்மா என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், சட்டை பெரிதா தோசை பெரிதா என்கிற கேள்வி இருந்தது.

பெரிய சயாலே தேடிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வடக்கே ஏதோ ஒரு கிராமம். விமானம் வந்து போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஆறு மாதத்தில் நாலு கை மாறி யாங்கோன் வந்திருக்கிறது. ஊர் பெயரும் சொல்வதில்லை, தன் பெயரும் சொல்வதில்லை. தண்ணி, போதும், வேணாம் என்று மூன்று சொல்லில் குடும்பம் நடத்துகிறது. மடத்தில் பதினைந்து பிள்ளைகள் படுக்கிற இடத்தில் நாற்பது பிள்ளைகள். ஏப்ரல் இரண்டாம் தேதி சில பெண்களை மோல்மேன் பக்கம் இன்னொரு மடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம், அதில் இதுவும் உண்டு என்றார்.

அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நானும் அரிசியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இவள் என்னோடு இருக்கட்டும் சயாலே என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

சயாலே லேசுப்பட்டவர் இல்லை. மா சித்ரா, இது தெருவில் எடுத்த பூனைக்குட்டி இல்லை என்றார். ஏப்ரல் இரண்டாம் தேதி காலை நானே வருவேன், பிள்ளையைத்தான் கேட்பேன், உன்னைக் கேட்க மாட்டேன். இருக்கிறேன் என்று அவள் வாயால் சொன்னால் இருக்கட்டும், சொல்லாவிட்டால் என்னோடு வரட்டும் என்றார். அதுதான் ஒப்பந்தம். மூன்று சொல் பேசுகிற பிள்ளை நாலாவது சொல்லைப் பேச எனக்கு ஒரு மாதமும் சில நாளும் இருக்கிறது!

வார்டு ஆபீசில் விருந்தாளிப் பதிவு செய்துவிட்டேன். பெயர் என்ற இடத்தில் மடத்தில் கூப்பிடுகிற ப்யூப்யூ என்ற பெயரை எழுதினார்கள். ஊர் என்ற இடத்தில் குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இங்கிருந்தே தெரிகிறது. நாமே லாஷியோவை விட்டு ஓடிவந்து இரண்டு வருஷம் ஆகவில்லை, வாடகை வீட்டில் பாயை விரித்துக் கிடக்கிறோம், இதில் இன்னொரு வாயா என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், ரங்கூனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் எல்லோரும் செத்து, எட்டு வயசுப் பிள்ளையாக உங்கள் தாத்தா மட்டும் லாஷியோ தண்டவாளத்தோரம் நின்றாரே, அவரை ரயில்வே கேங்மேன் செல்லையா வீட்டுக்குக் கூட்டிப்போனபோது யாரைக் கேட்டார்? அவர் பெண்டாட்டியைக்கூடக் கேட்கவில்லை. அன்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் இன்று நீங்கள் ஏது, நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்? ஒரு யூதர் தமிழில் கோபித்துக்கொள்கிற அதிசயம்தான் எனக்கு எப்படிக் கிடைத்திருக்கும்?

லேயாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் எழுந்ததும் அவள் முகத்துக்கும் தனக்காச் சாந்து பூசிவிடுகிறாள். நேற்று என்ன சொன்னாள் தெரியுமா? அம்மா, இனி வீட்டில் நான் சின்னவள் இல்லை, இந்த வருஷம் பஸ்கா பண்டிகைக்கு மூட்டை தூக்குகிற வேலை இவளுக்குத்தான் என்றாள். பதின்மூன்று வயசு ஆனதும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்ட வெட்கம் வந்துவிட்டது மகாராணிக்கு. உங்கள் தாத்தா தன் அப்பா அம்மாவிடமிருந்து முழுதாக நினைவு வைத்திருந்தது அந்த விளையாட்டைத்தானே? எகிப்திலிருந்து வருகிறவர்களைப் போல வீட்டுச் சின்னப்பிள்ளை ரொட்டி மூட்டையோடு கதவைத் தட்டுவதும், உள்ளே இருப்பவர்கள் எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்பதும். ஜெபமெல்லாம் மறந்துபோன எட்டு வயசுப் பிள்ளைக்கு விளையாட்டு மட்டும் மறக்கவில்லை.

இவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒரே ஒரு கவலைதான். வந்த நாளிலிருந்து தன் துணிப்பையை அவிழ்க்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள்.

இந்தக் கடிதத்தை நம் கீழ் வீட்டு நூர் பீவி அக்காவின் தம்பி இனாயத்துல்லாவிடம் கொடுத்து விடுகிறேன். அவர் கப்பல் பினாங்குக்கு வருகிறது. பதிலையும் அவரிடமே கொடுங்கள். வெள்ளிக்கிழமை ஃபோனில் இதைப் பற்றிப் பேச வேண்டாம், நிதானமாக யோசித்து எழுதுங்கள். நிதானமாக என்றுதான் சொன்னேன், ரொம்ப நிதானமாக இல்லை.

உங்கள் கோபத்தைப் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்யும்படி வேண்டும்,
சித்ரா


1 ஏப்ரல், புதன், காலை பதினொரு மணி

லேயா அப்பா,

நலம் விசாரிக்க நேரமில்லை. பெரிய தப்பு செய்துவிட்டேன்.

உங்கள் பதில் போன வாரம் வந்தது. மூன்று வரி. கடைசி வரி, பார்ப்போம். பார்ப்போம் என்றால் உங்கள் அகராதியில் சரியா, வேண்டாமா என்று லேயாவும் நானும் நாலு நாள் சண்டை போட்டோம். இப்போது பார்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் பஸ்காவுக்காக வீட்டைத் துடைத்துப் புளித்த மாவுப் பண்டம் தேடினோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தேட வேண்டும் என்பது உங்கள் சட்டம். எங்கள் தெருவில் கரண்டே இல்லாததால் அதற்கென்று தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. எப்போதும் போல ஒன்றிரண்டு ரொட்டித் துணுக்கு கிடைக்கும், மூலையில் பெருக்கிக் கட்டி வைக்கலாம் என்று நினைத்தேன். லேயாவின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் ஒரு பன்! தலையணை உறைக்குள் இரண்டு! தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி மூன்று! டீக்கடையில் நான் அவளுக்கு வாங்கிக்கொடுத்த பன் எல்லாம் அங்கேதான் இருந்தது. பாதிக்கு மேல் பச்சையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புதையல் எடுத்தவர்கள் மாதிரி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நானும் லேயாவும் கத்திச் சிரித்தோம். பதினொன்று எண்ணினோம். அவள் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் விளையாட்டில் இருக்கிறாள் என்று நினைத்தேனே, அந்த அறிவைச் சொல்ல வேண்டும்.

இன்று காலை வழக்கப்படி எல்லாவற்றையும் கரி அடுப்பில் போட்டு எரித்தேன். திரும்பிப் பார்த்தால் கதவில் அவள் நிற்கிறாள். தீயில் பன் எரிகிறது, அவள் அதையே பார்க்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் எடுத்து அணைத்திருப்பேன். பையை எடுத்துத் தோளில் போட்டாள், படியிறங்கிப் போய்விட்டாள். செருப்புத்தான் காலிலேயே இருக்கிறதே.

தெருக் கதவைத் தாண்டவில்லை, கடவுள் புண்ணியம். நூர் பீவி அக்கா வீட்டுக்குள் போய்த் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்க் கூப்பிட்டேன், வரவில்லை. லேயா போய்க் கூப்பிட்டாள், வரவில்லை. வேணாம் என்ற ஒரே சொல்தான்.

அவள் ஓடுவதற்காகச் சேர்த்து வைத்ததை நான் அவள் கண்ணெதிரிலேயே கொளுத்திவிட்டேன். நாளை காலை சயாலே வருகிறார். நீங்கள் இங்கே இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. இருந்திருக்க வேண்டும் நீங்கள்.

நூர் பீவி அக்கா கீழேயிருந்து கூப்பிடுகிறார். பிறகு எழுதுகிறேன்.


2 ஏப்ரல், வியாழக்கிழமை, பகல்

அன்பும் மரியாதையும் நிறைந்த லேயா அப்பா அவர்களுக்கு,

மேலே உள்ளதைக் கிழித்துப் போட நினைத்தேன். பிறகு, நான் பட்ட பாட்டை நீங்களும் ஒரு ஐந்து நிமிஷம் படுங்கள் என்று அதையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஐந்து நிமிஷம் ஆயிற்றா? இப்போது சிரியுங்கள், ஏனென்றால் நான் நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும் இருக்கிறேன்.

நூர் பீவி அக்கா என்னைக் கீழே கூப்பிட்டது திட்டத்தான். ஏம்மா சித்ரா, புள்ளெ தின்னுறதெ எரிக்கச் சொல்லி எந்த வேதத்துல இருக்கு என்று கேட்டார். நான் பஸ்கா சட்டத்தைச் சொன்னேன். எட்டு நாள் வீட்டில் புளித்த பண்டம் இருக்கக் கூடாது அக்கா, இருந்தால் எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேற்று மதத்துக்காரருக்கு விற்றுவிட வேண்டும் என்றேன். சொல்லிக்கொண்டு வந்தவள் அப்படியே வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். விற்கலாமே! லாஷியோவில் வருஷா வருஷம் நம் கோதுமை மாவு டின்னை எதிர் வீட்டுக்காரரிடம் ஒரு மாங்காய்க்கு விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் அதே மாங்காயைத் திருப்பிக் கொடுத்து வாங்குவீர்களே. அது எப்போதும் உங்கள் வேலை. என் வேலை துடைப்பது, எரிப்பது. நீங்கள் செய்கிற பாதியை நான் மறந்தே போனேன். ஒரு மாங்காயில் முடிய வேண்டிய காரியத்தை நெருப்பு வைத்துக் கெடுத்திருக்கிறேன்.

நூர் பீவி அக்கா இடுப்பில் கையை வைத்தார். அப்ப நான் வாங்குறேன், இந்தா மாங்காய் என்றார். நிஜமாகவே சமையலறையிலிருந்து ஒரு மாங்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார். விற்பதற்குப் பன் இல்லையே அக்கா, எல்லாம் சாம்பலாகிவிட்டதே என்றேன். அதுக்கென்ன, டீக்கடை மூடியா கிடக்கு என்று லேயாவை விரட்டினார். சுடச்சுடப் பன்னிரண்டு பன் வந்தது. எரித்தது பதினொன்று. ஒன்று கூட இருக்கட்டும் என்று லேயாவே வாங்கியிருக்கிறாள்.

அக்கா தன் நூல்கண்டு டப்பாவைக் காலி செய்தார். மூடியில் சின்னப் பூட்டுப் போடுகிற தகர டப்பா. பன்னிரண்டு பன்னையும் அவள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாக வைத்து, பூட்டி, தையல் மிஷின் பக்கத்து அலமாரியில் வைத்தார். சாவியைச் சிவப்பு நூலில் கோத்து அவள் கழுத்தில் போட்டார். அவளிடம் பர்மியத்தில் சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. இது உன் டப்பா, இடம் மட்டும்தான் என் வீடு. எப்ப வேணும்னாலும் வந்து பாரு. பன் காஞ்சுபோனா சொல்லு, புதுசு வைக்கிறேன். உன்னெ இந்த வீட்டுல யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க என்றார்.

அவள் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, உன்னுடையதை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சாதாரணமாகச் சொல்கிற பேச்சில்லை அது. அவள் மிஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சாவியால் டப்பாவைத் திறந்து, எண்ணிப் பார்த்து, பூட்டினாள். அப்புறம் படியேறினாள். மூன்று மணிக்குள் இன்னும் மூன்று தடவை இறங்கிப் போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது வேகம் குறைந்திருந்தது.

சாயங்காலம் ரொட்டி சுட்டோம். மாவில் தண்ணீர் விட்ட நேரத்திலிருந்து பதினெட்டு நிமிஷத்துக்குள் சுட்டு எடுக்க வேண்டுமே, அக்கா ஃபோனை வைத்து மணி பார்த்தார். தோசைக் கல்லில்தான் சுட்டேன். முதல் ரொட்டியைப் பார்த்துவிட்டு, இது சப்பாத்தியா, சப்பாத்திக்குக் கோபம் வந்திருச்சா என்று கேட்டார். நான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். இது ஓடுகிறவர்களின் ரொட்டி, பொங்குகிற வரை காத்திருக்க நேரமில்லாதவர்கள் செய்தது, பஞ்சு மாதிரி இருக்காது, ஆனால் எத்தனை நாளானாலும் பூஞ்சை பிடிக்காது என்றேன். அந்தக் கடைசிப் பேச்சுக்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு ரொட்டியை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, மோந்து பார்த்து, உடைத்துப் பார்த்தாள். நம் வீட்டில் அந்த ரொட்டியை அத்தனை கவனமாக யாரும் பரிசோதித்ததில்லை.

நாமும் அப்படி ஓடியவர்கள்தான் என்று சொன்னேன். மோசே காலத்து ஆட்களுக்கு மாவு பொங்கவில்லை. எனக்கோ லாஷியோவில் நன்றாகப் பொங்கின ஒரு பானைத் தோசை மாவை அடுப்படியிலேயே விட்டுவிட்டு லாரி ஏற வேண்டியிருந்தது. இன்னும் அந்தப் பானை என் கண்ணில் நிற்கிறது என்று சொன்னேன். அவள் முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மூடி போட்டீங்களா என்றாள். போட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள், சரிதான் என்பது போல.

இருட்டு கவிழும் நேரத்தில் மேஜை போட்டோம். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. பசித்தவர் யாராயிருந்தாலும் வாருங்கள் என்று கதவைத் திறந்து சொல்ல வேண்டுமே, நான் சொல்லி முடிப்பதற்குள் நூர் பீவி அக்காவும் இனாயத்துல்லாவும் உள்ளே வந்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் பலித்த ஜெபம் எதுவும் இல்லை.

மூட்டை விளையாட்டுக்கு இப்படித்தான் ஏற்பாடு. அவள் பேச மாட்டாள், அதனால் கதவைத் தட்டுவது மட்டும் அவள். லேயா அவள் பக்கத்தில் நின்று பதில் சொல்வாள். உங்கள் தாத்தா செல்லையா வீட்டில் வளர்ந்ததிலிருந்து அந்தக் கேள்வியும் பதிலும் நம் வீட்டில் தமிழில்தான். இவளுக்குப் புரிய வேண்டும் என்று முதல்முறையாகப் பர்மியத்தில் மாற்றினோம். லேயா ஒரு ரொட்டியைத் துண்டில் கட்டி அவள் தோளில் முடிந்துவிட்டாள். அவள் தன் துணிப்பையையும் இன்னொரு தோளில் மாட்டிக்கொண்டாள். அது வேண்டாம் என்று லேயா சொல்ல வாயெடுத்தாள். நான் கண் காட்டினேன். இருவரும் வெளியே போனார்கள். கதவை மூடினோம்.

தட்டினாள். சின்னக் கை, ஆனால் பலமாகத் தட்டினாள்.

யார் அது என்றேன். பதில் இல்லை. லேயா சொல்வாள் என்று காத்திருந்தேன், அவளும் சொல்லவில்லை. பிறகு லேயா சொன்னாள், தான் வாயைத் திறந்தபோது இவள் கையை நீட்டி லேயாவின் வாயைப் பொத்திவிட்டாளாம். எனக்கு அது தெரியாது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். எங்கேயிருந்து வருகிறாய் என்றேன். எகிப்திலிருந்து என்று வர வேண்டும்.

ஸீபின்கோன் என்றாள்.

அவள் குரல்தான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாகச் சயாலேக்கள் கேட்டு, ஆபீஸ் குமாஸ்தா கேட்டு, யாருக்கும் சொல்லாத ஊர்! இனாயத்துல்லா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அக்கா என் தொடையைக் கிள்ளி, கேளு, நிறுத்தாதே, அடுத்ததைக் கேளு என்றார்.

வழிக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டேன். கெட்டுப்போகாத ரொட்டி என்றாள். கொஞ்சம் நிறுத்தி, பன்னும் இருக்கு, அது கீழே இருக்கு, சாவி என்கிட்ட இருக்கு என்றாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. எருசலேமுக்கு என்று எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்கிற கேள்வி. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் மறுபடியும் கதவைத் தட்டினாள், ஏன் கேட்கவில்லை என்பது போல. எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

இங்கதான் என்றாள்.

கதவை யார் திறந்தது என்று கேட்காதீர்கள். நான்கு பேரும் சேர்ந்துதான் திறந்தோம் போலிருக்கிறது. லேயா வெளியிலிருந்து தள்ளினாள், நாங்கள் உள்ளிருந்து இழுத்தோம், தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. நீங்கள் வந்துதான் அதை மாட்ட வேண்டும்.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பெரிய சயாலே வந்தார். இவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். இங்கே இருக்கிறாயா, எங்களோடு வருகிறாயா என்று சயாலே கேட்டார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நேத்தே கதவுகிட்ட சொல்லிட்டேனே, எல்லாருக்கும் ஒவ்வொரு தடவை சொல்லணுமா என்றாள்! மூன்று சொல்காரி! சயாலே சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்து, வாய் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது மா சித்ரா என்றார்.

வார்டு ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம். போன மாதம் கோடு போட்ட இடத்தில் குமாஸ்தா ஸீபின்கோன் என்று எழுதினார். அந்தப் பெயரில் ஊர்கள் நிறைய உண்டாம். அவளுடையது எது என்று சயாலே விசாரிக்கப் போகிறார். அவளைத் தேடுகிறவர்கள் யாராவது உயிரோடிருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது நம் கடமை என்றார். ஆமாம் என்று சொன்னேன். மனசுக்குள் கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் ப்யூப்யூ என்று குமாஸ்தா மறுபடி எழுதப் போனார். அவள் மேஜையை எட்டிப் பிடித்து, அது மடத்துப் பெயர், என் பெயர் நிலார் என்றாள். நீலக்கல் என்று அர்த்தமாம். எனக்கு நம் நிலா போலத்தான் காதில் விழுகிறது. அவள் அம்மா வைத்த பெயர் என்று வழியில் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

துணிப்பை இன்னும் கதவோரம்தான் இருக்கிறது. அவிழ்க்கட்டும், அவிழ்க்காமல் இருக்கட்டும், அது அவள் பை. ஆனால் காலையில் நான் வாசலைப் பெருக்கப் போனபோது, உங்கள் பழைய செருப்பை நான் வழக்கமாக வைக்கிற இடத்தில், அதற்குப் பக்கத்தில் ஒட்டி, அவள் செருப்பு இருந்தது. வெறுங்காலோடு தூங்கியிருக்கிறாள்.

இனாயத்துல்லா சனிக்கிழமை கப்பல் ஏறுகிறார். இந்தக் கடிதத்தோடு ஐந்து ரொட்டி அனுப்புகிறேன், உடையாமல் வந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். நாளை வெள்ளிக்கிழமை நீங்கள் ஃபோன் பண்ணும்போது இது எதையும் நான் சொல்லப்போவதில்லை. எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

ஆனால் இதைப் படித்த பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை, ஃபோனை முதலில் லேயா தலையில் வைப்பேன். அவளுக்குச் சொல்வதைச் சொல்லி முடியுங்கள். உடனே லைனை வைத்துவிடாதீர்கள். நான் ஃபோனை நகர்த்துகிற சத்தம் கேட்கும், அப்புறம் கொஞ்சம் அமைதியாக இருக்கும். அங்கே இன்னொரு தலை இருக்கும். சரி என்று நீங்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம், பார்ப்போம் என்றும் எழுத வேண்டாம். நீங்கள் கைவைக்க முடியாத தூரத்தில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பெயரைச் சொல்லி ஆசீர்வதியுங்கள். லைன் அறுந்தால் மறுபடி கூப்பிடுங்கள். நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருப்போம்.

வாசலில் உங்கள் செருப்பைத் துடைத்து வைத்திருக்கும்,
சித்ரா